ஃபேன் ஆஃப் சார்

ஒரு படத்தைப் பார்ப்பதற்காக ஆபீஸையே வேகவைத்த மனிதர் உலகத்தில் எங்கள் சூப்பிரண்டு ஒருவர்தான். அவர் பெயரைச் சொன்னால் பெரம்பலூரில் யாருக்கும் தெரியாது. 'ஃபேன் ஆஃப் சார்' என்றால் டீக்கடை வரைக்கும் சிரிப்பார்கள்.

நான் தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். உட்கார இடம் கிடைத்தால், தூங்குகிறவர்களைப் பென்சிலால் வரைவேன். நானும் தூங்கலாம்தான், தூங்கினால் இறங்குகிற இடம் போய்விடும். என் கோடு ரொம்ப மெல்லியது. அலுத்துப்போன கை அவ்வளவுதான் அழுத்தும்.

"என்னம்மா, வெறும் பேப்பர வச்சுப் பாத்துக்கிட்டிருக்க?" என்று செக்‌ஷனே கேலி செய்யும்.

சார் மட்டும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, படத்தை மேஜையில் வைப்பார். பிறகு ஒரு சத்தம்: "ஃபேன ஆஃப் பண்ணுங்கப்பா! பேப்பர் ஆடுது, கோடு ஓடிப்போவுது!"

சித்திரை வெயிலில் நாங்கள் இட்லியாக வேக, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பார். "இந்தப் பொம்பள தூங்கலம்மா. கண்ண மூடிக்கிட்டுக் கவலப்படுது. கழுத்தப் பாரு."

ஒருமுறை பெரிய அதிகாரி திடீரென்று வந்துவிட்டார்.

"என்ன, கரண்ட் இல்லையா?"

"இருக்குங்க சார். செத்த இருங்க, தோள்பட்ட வரைக்கும் வந்துட்டேன்."

மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் தூங்கும்போது நான் வரைந்ததுதான் கடைசிப் படம். காரியத்துக்கு முந்தின நாள், கல்லங்குறிச்சியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அண்ணன் அதை மறுபடியும் ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"ஸ்கேன்ல ஒண்ணுமே விழலயாம். மேலயே கருப்புப் பேனாவால இழுத்து, கண்ணத் தொறந்து, பின்னாடி ரோஜாத் தோட்டம் போட்டுத் தரேங்குறாரு ஸ்டூடியோக்காரரு."

வேண்டாமென்று சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

துக்கம் கேட்க வந்த சார், வாசலிலேயே அவனை மறித்தார்.

"குடுங்க தம்பி. கை கழுவ தண்ணி எங்க?"

அடுத்து, சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் அதே சத்தம்: "ஃபேன ஆஃப் பண்ணுங்க!"

"யாருடி இந்தாளு?" என்றாள் சித்தி, முந்தானையால் விசிறிக்கொண்டே. சார் கண்டுகொள்ளவில்லை. அண்ணனையும் பக்கத்தில் குனிய வைத்தார்.

"கையப் பாருங்க தம்பி."

அண்ணன் வெகுநேரம் பார்த்தான். "கட்டவெரல உள்ள மடிச்சு வச்சிருக்கு. அம்மா எப்பவும் அப்புடித்தான் தூங்கும்" என்றவன், தரையில் உட்கார்ந்து அழுதான். பேனா அந்தப் படத்தைத் தொடவில்லை.

மறுநாள் கண் மூடிய அம்மாவுக்கே மாலை போட்டோம். "என்னப்பா, வெறுங் கண்ணாடிய மாட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஃபேன ஆஃப் பண்ணிட்டுக் கிட்ட வந்து பாருங்க" என்றான் அண்ணன். கண்ணாடிக்குள் போன காகிதம் ஆடாது என்று அவனிடம் நான் சொல்லவில்லை.

சார் ஓய்வுபெற்று தா.பழூர் போய்விட்டார். ஆபீஸில் இப்போது ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. எல்லோருக்கும் நிம்மதி. எனக்குத்தான் இன்னும் ஒருதரம் அப்படி வேர்க்கவேண்டும் போலிருக்கிறது.