மோட்டாருக்கு லீவு விட்டவர்

பெருங்களத்தூரில் பொங்கலுக்குச் சரியான அர்த்தம் தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவரால் எங்கள் அபார்ட்மெண்டில் நாற்பது குடும்பம் பண்டிகையும் அதுவுமாகக் குளிக்காமல் நின்றது.

பேர் என்னவோ, எல்லாருக்கும் அவர் மோட்டார் அண்ணன். காலையும் சாயங்காலமும் மோட்டார் போட்டு மேல் டேங்க்கை நிரப்புவது வேலை. அந்த மோட்டாரோடு பேசவும் பேசுவார். "இன்னா, இன்னிக்கு ரொம்ப இருமுற?" என்று விசாரித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

போன பொங்கலை வழக்கம்போல் விமரிசையாகக் கொண்டாடினோம். குக்கர் விசில் அடித்ததும் "பொங்கலோ பொங்கல்" என்றோம். செகரட்டரி சார் மைக்கைப் பிடித்தார். அறுவடை முடிந்த கையோடு சூரியனுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லத்தான் நம் ஆட்கள் இந்தப் பண்டிகையை ஆரம்பித்தார்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். கடைசிவரை கேட்டது மோட்டார் அண்ணன் மட்டும். அதுதான் வினையாகிப் போனது.

மறுநாள் மாட்டுப் பொங்கல். குழாயைத் திறந்தால் காற்று. கீழே இறங்கிப் பார்த்தால், மோட்டாருக்கு மஞ்சள், குங்குமம், சாமந்தி மாலை. முன்னால் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல். சுவிட்சை மறைத்துக்கொண்டு அண்ணன்.

செகரட்டரி சார் தலை நிறைய ஷாம்பூ நுரையும் இடுப்பில் துண்டுமாக வந்தார். மோட்டார் போடாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

"வேலைய வுட்டு தூக்கிக்கோங்க சார். உழைச்ச மாட்டுக்கு நன்றின்னு நீங்கதானே சொன்னீங்க? நம்மகிட்ட மாடு எங்க கீது? வருஷம் பூரா நாப்பது வூட்டுக்கும் இழுத்துகினு கீறது இதான். மாட்டுப் பொங்கலன்னிக்கு எவனாவது ஏர் பூட்டுவானா?"

சொல்லிவிட்டு, செகரட்டரியைக் கையைப் பிடித்துப் பின்பக்க அடிபம்புக்குக் கூட்டிப்போனார். குனியச் சொல்லி, பம்பை அடித்துத் தலையை அலசிவிட்டார். அப்புறம் வீட்டுக்கு ரெண்டு குடம் என்று மூன்றாவது மாடி வரை சுமக்க ஆரம்பித்தார். முதல் குடத்தோடு படியேறும்போது, ஈரத் தலையோடு நின்ற செகரட்டரி மெதுவாகக் கேட்டார்.

"மோட்டாருக்கு லீவு சரிப்பா. உனக்கு?"

"எனக்கு இன்னாத்துக்கு சார்? நான் இன்னா மாடா?"

வேலையைவிட்டு நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது. காணும் பொங்கலன்று, மாட்டேன் என்று அடம்பிடித்த அண்ணனை, அவர் சம்சாரத்தோடு வண்டலூர் ஜூவுக்குப் பஸ் ஏற்றிவிட்டோம். அன்று மோட்டார் போட்டது செகரட்டரி சார். நிறுத்த மறந்து மூன்று தடவை டேங்க் வழிந்து, மாடிப்படியெல்லாம் தண்ணீர்.

திட்ட யாருக்கும் மனசு வரவில்லை.