முதல் வெடி வானத்துக்கு

துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே அதைச் சுமந்து களைத்துப்போன மனிதர் எங்கள் தாண்டிக்குடி மலையில் ஒருவர்தான் உண்டு. ஊரில் அவருக்குப் பெயர் வெடிக்காரர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

ஓய்வு பெற்றபின் நான் வாங்கிய காப்பித் தோட்டத்துக்கு மேலே அவருடைய வாழையும் சேனையும். காட்டுப்பன்றிகள் முதலில் அவர் நிலத்தில் இறங்கும், பிறகு என்னுடையதில். ஆகவே அவருடைய துப்பாக்கி என் கவலையாகவும் இருந்தது. பயிரைக் காக்க லைசென்ஸ் வைத்திருந்தார். ஆனால் அப்பா காலத்து ஒற்றைக்குழலில் விரிசல். இனி சுட்டால் கன்னம் போய்விடும் என்று பழனியில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த பாய் சொல்லிவிட்டார்.

அவர் கையில் இருந்தது ஒரு வருட மிளகு விற்ற காசு. அதற்குப் புதிய ஒற்றைக்குழலும் ஒரு பெட்டி தோட்டாவும் வரும். அல்லது பழைய இரட்டைக்குழல் வரும், தோட்டாவுக்குச் சில்லறைதான் மிஞ்சும். நான் மூன்று முறை கூட்டிப் பார்த்து, ஒற்றைக்குழல்தான் என்று தீர்ப்புச் சொன்னேன்.

அவர் ஒப்பவில்லை. தோள் தாங்குமா என்று பார்க்க ஒரு வாரம் கடப்பாரையோடு மலையேறினார். மறுவாரம் அதோடு ஒரு மண்வெட்டியையும் கட்டிக்கொண்டார். அது இரட்டைக்குழலாம். அந்தக் கோலத்திலேயே ஒரு கல்யாணப் பந்தியிலும் உட்கார்ந்தார்.

“இவுக முடிவெடுக்குறதுக்குள்ள பன்னி பேரன் பேத்தி எடுத்துரும் சார்” என்றார் அவர் மனைவி.

பழனிக்கு அவரோடு நானும் போனேன். பாய் எங்களைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

“இன்னைக்கும் ஒத்தக் கண்ண மூடிப் பாத்துட்டுக் கெளம்புறதுதானா?”

“அவசரப்பட்டா ஆகுமா பாய்?”

“அவசரமா? நீங்க மொதல்ல வந்தப்ப என் தாடி கறுப்புங்க!”

கடைசியில் இரட்டைக்குழலையே வாங்கினார். பஸ்ஸில் எனக்கு ஆறவில்லை. “ரெண்டு குழல் எதுக்குய்யா?”

“மொத வெடி வானத்துக்கு சார். போயிருன்னு ஒரு வார்த்த சொல்லணும்ல? கேக்கலைன்னாத்தான் ரெண்டாவது. ஒத்தக்குழல்னா, தோட்டா மாத்துறதுக்குள்ள அது நம்ம மேல ஏறிரும்.”

“பன்னிக்கு நோட்டீஸா?”

“இது நம்ம தோட்டம்னு அதுக்கிட்ட யாரு சொன்னா?”

சில மாதம் கழித்து ஒரு காலை. பறித்த காப்பிப் பழ மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். புதரை உடைத்துக்கொண்டு ஒரு கொம்பன் பன்றி என்னை நோக்கி வந்தது. பின்வாங்கிய நான் பள்ளத்தில் விழுந்தேன். மேலே வெடி கேட்டது. என் மேல் நிழல்மரத்து இலைகள் உதிர்ந்தன. பாவி மனிதர், அப்போதும் வானத்தைத்தான் சுட்டிருந்தார்!

பன்றி நின்றது. என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. அவர் குழலை இறக்கி அதற்கு நேராக நீட்டினார்.

“போயிரு” என்றார், வீட்டு மாட்டிடம் சொல்வதுபோல. “வெரசாப் போயிரு.”

அது திரும்பி ஓடைக்குள் இறங்கியது.

எழுந்த வேகத்தில் கத்தினேன். “நின்னுச்சேய்யா! ஏன் சுடல?”

அவர் துப்பாக்கியை மடக்கித் திறந்து காட்டினார். ஒரு குழலில் புகை. மற்றதன் வழியே வெளிச்சம் தெரிந்தது.

“ஒண்ணுதான் கெடந்துச்சு சார். தோட்டாவுக்குக் காசு பத்தாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“இருந்த ஒண்ணையும் வானத்துக்கா?”

“சொல்லாம சுடுறது முறையில்லைல்ல?”

அதன்பின் அந்த இரண்டாவது குழலுக்கான தோட்டா என் செலவு. எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை எண்ணியதில்லை. அதில் ஒன்றைக்கூட அவர் சுட்டதும் இல்லை.

போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. இப்போதும் மேலே பன்றி உறுமினால், நான் முதலில் வானத்தைத்தான் பார்க்கிறேன்.