பதினொரு பேரும் ஒரு சின்ன ஜெட்டும்

விமானத்தில் கால் வைக்காமலே விமான நிபுணராக இருப்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். இருபத்து மூன்று வயதில் அது என்னிடம் தாராளமாக இருந்தது.

வெள்ளவத்தையில் டிக்கெட் போடும் கடை ஒன்றில் எனக்கு வேலை. திருச்சிக்குப் புதிதாக விட்டிருந்த சின்ன ஜெட்டின் விளம்பரப் புத்தகம் என் மேசையில் எப்போதும் விரிந்தே கிடக்கும். அதில் ஜன்னலோரம் ஒரு பெண் தூங்குவாள், கீழே மேகம். சாப்பாட்டு நேரமெல்லாம் நான் அவளுக்குப் பக்கத்து இருக்கையில்தான் இருப்பேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் ஆமிக்காரரிடம் அடையாள அட்டை நீட்டும் சண்டைக் காலம் அது. யாரும் மறித்து "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்க முடியாத முக்கால் மணித்தியாலம் என்பதே எனக்குப் பெரிய சொகுசாகப் பட்டது.

அக்காவுக்கு மாப்பிள்ளை கனடாவில். அவர் இங்கே வர வழியில்லை. அதனால் கல்யாணம் திருச்சியில். போகிற பதினொரு பேரில் ஒருவருமே முன்பு பறந்ததில்லை. நான் விடுவேனா? இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருக்கைதான், நடுவில் நசிய வேண்டியதில்லை, இயந்திரம் வாலில் இருப்பதால் முன்னுக்கு இருந்தால் சத்தமே கேட்காது என்று ஒரு மாதம் பிரசங்கம் செய்தேன். தெரிந்தவரைப் பிடித்து முதல் மூன்று வரிசையையும் எங்களுக்கே எடுத்தேன். அம்மாவின் நிபந்தனை ஒன்றுதான். அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதற்கு முன் விமானம் அசைந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அக்காவின் வாழ்க்கை என்னாவது?

ஏறியதும் மாமாவின் தலை கூரையில் இடித்தது. (புத்தகத்தில் நிமிர்ந்து நின்றவர் குள்ளராக இருக்க வேண்டும்.) பலகார டின் மேல் தட்டுக்குள் போகவில்லை, அம்மா மடியில் வைத்துக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் பாதி விமானம் வெறுமை. கதவு மூடியாயிற்று, ஆனால் அசைவில்லை. பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பணியாளர் வந்து என்னிடம் சிங்களத்தில் சொன்னார்.

"முன்னுக்குப் பாரம் கூடவாம். ஆறு பேரைப் பின்னுக்குப் போகட்டாம்" என்றேன்.

மாமா பெல்ட்டை இன்னும் இறுக்கினார். "ரோட்டிலதான் இறக்கி நிப்பாட்டுறாங்கள் எண்டா, பிளேனுக்குள்ளயுமோ?"

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். எழுந்து நின்று, இது ஐம்பது பேருக்குச் செய்த விமானம், பதினொரு பேர் என்ன பெரிய பாரம் என்று அந்தப் பணியாளருக்கு விமான அமைப்பை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விமானியையே கூட்டி வந்தார். நான் எஞ்சினியரா என்று விமானி மரியாதையாகக் கேட்டார். டிக்கெட் போடுகிறவன் என்றேன். மணி பத்து இருபது.

அப்போது அக்கா எழும்பினாள். "எனக்குப் பின்னுக்கு இருக்க விருப்பம், அம்மா" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். கல்யாணப் பெண்ணைத் தனியே இருக்க விடுகிற சனமா நாங்கள்? பலகார டின்னோடு அம்மா, குனிந்தபடி மாமா, கடைசியாக நான் என்று பத்துப் பேரும் பின்னால் போய் அவளைச் சுற்றி அமர்ந்தோம்.

இப்போது வால் பாரம். பணியாளர் கண்ணை மூடித் திறந்தார். மறுபடி எண்ணி, மறுபடி பிரித்து, கடைசியில் ஒருவர் முன்னுக்குப் போக வேண்டும் என்றபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

முதல் வரிசையில் எனக்குக் கிடைத்த இருக்கைக்குப் பக்கத்தில் ஜன்னலே இல்லை, வெறும் சுவர். (இதைப் புத்தகத்தில் போடவில்லை.) விமானம் அசைந்தபோது பத்து முப்பத்து மூன்று.

மேகத்துக்கு மேலே மிதக்கிறோம் என்பது காதடைப்பில்தான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி கனவில் இருப்பவள் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்திருந்தார். இவள் இனி எங்கள் வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சுவரைப் பார்த்து அழுதேன்.

அதன் பிறகு டொரொன்டோவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், பனியில் கார் கிளம்பாவிட்டாலும், அத்தான் குறட்டை விட்டாலும் குற்றம் என்னுடையது. அந்த மூன்று நிமிட ராகுகாலத்தைத் தொலைபேசியிலேயே இருபது வருடம் அனுபவித்தேன்.

போன வருடம் அவள் மகளின் கல்யாணத்துக்குப் போனேன். நேரத்தோடு போய் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தேன். அக்கா பட்டுச்சேலை சரசரக்க மண்டபத்தைக் கடந்து நேரே என்னிடம் வந்தாள்.

"தம்பி, நீ எழும்பிப் பின்னுக்குப் போ. இவளையாவது நல்ல நேரத்தில வெளிக்கிட விடு."