வெயிட்டிங் லிஸ்டில் முதல் ஆள்

"இன்னாடா போட்டிருக்கான்? வாயைத் தொறந்து சொல்லு" என்று தங்கவேல் மேசையைத் தட்டினார்.

டேனியல் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. செலியமேட்டில் நெட் சென்டர் வைத்திருப்பவனுக்கு மேசை தட்டுகிறவர்கள் புதிதில்லை.

"எம்.ஏ. வரலாறு, உள்ளூர் ஒதுக்கீடு. புகழுக்கு வெயிட்டிங் லிஸ்ட்ண்ணே."

"அப்படின்னா சீட்டு உண்டா இல்லியா?"

"முன்னாடி இருக்கறவங்க யாராவது வந்து சேரலன்னா உண்டு. வெயிட்டிங்ல இவன்தான் மொத ஆளு."

"மொத ஆளுக்குக் குடுக்காம வேற எவனுக்குடா குடுப்பான்?"

"வெயிட்டிங்லதாண்ணே மொத ஆளு."

தங்கவேலுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் கொஞ்சம் தயவு பார்த்துச் சொல்கிறது. காலையில் மோட்டார் போடப் போகும்போது கரண்ட் இல்லையென்றால் கரண்ட் ஆபீசைத் திட்டுவார். கரண்ட் இருந்தால், நேற்று இல்லாமல் போனதற்குத் திட்டுவார்.

ஆனால் இந்தத் தடவை கோபத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. மகன் புகழ்வேந்தன் நுழைவுத் தேர்வு எழுதிய மறுவாரமே, பாகூர் போகும் ரோட்டு முனையில் பிளெக்ஸ் வைத்துவிட்டார். கூலிங் கிளாஸ் போட்ட புகழ்வேந்தன், பின்னால் பல்கலைக்கழக வாசல், மேலே கொட்டை எழுத்தில் 'பல்கலைக்கழகம் செல்லும் எங்கள் குலவிளக்கே'. கரும்பு லாரி டிரைவர்கள்கூட வண்டியை நிறுத்தி, பையன் எப்போது சேருகிறான் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இனி அதை இறக்கினாலும் மானம் போகும், இறக்காவிட்டாலும் போகும்.

குலவிளக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்து, நெல் அறுக்கும் மிஷின் ஓடும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மிஷினை ஓட்ட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை. அதைச் சொல்லிப் பல தடவை திட்டு வாங்கியிருக்கிறான்.

"எவன்டா அது, இவனுக்கு முன்னாடி கடைசியா நிக்கறவன்?" என்றார் தங்கவேல்.

"பேரு போடலண்ணே. நம்பரும் வயசும்தான் இருக்குது. பொம்பளை. நாப்பத்தி மூணு வயசு. நம்ம பாகூர் கொம்யூனுதான், சுத்துப்பட்டு ஊருல ஏதோ ஒண்ணு."

தங்கவேல் வேட்டியை மடித்துக் கட்டினார். கடையில் ஜெராக்ஸ் எடுக்க நின்ற இரண்டு பேர் தள்ளி நின்றுகொண்டார்கள்.

"நாப்பத்தி மூணு வயசுல இன்னா மயித்துக்குடா படிப்பு?" என்று வெடித்தார்.

வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. மஞ்சுளா தட்டு வைத்துக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். அவர் சோற்றைப் பிசைந்த பிசையில் குழம்பு தரையில் தெறித்தது.

"சின்னப் பசங்க சீட்டைப் புடுங்கறாளே, அவளுக்கு வெக்கமா இல்ல?"

"மார்க் எடுத்திருக்கும். போவுது" என்றாள் மஞ்சுளா.

"மார்க் எடுத்துட்டா ஆச்சா? வூட்ட யாரு பாக்கறது? அவ புருஷன் இன்னா பண்ணிகினு இருக்கறான்?"

"அது அவருக்கே தெரியுமோ என்னவோ."

"அப்பா, வுடுப்பா" என்றான் புகழ். "அந்தம்மா என்னை வுட மார்க் அதிகம். நியாயமாத்தான போறாங்க."

"நீ பேசாத. பரீட்சைக்கு வேலையெல்லாம் போட்டுட்டு டவுனு வரைக்கும் கூட்டிகினு போனேன் பாரு. துணைக்கு உங்கம்மா வேற. ரெண்டு பேரையும் சென்டர் வாசல்ல எறக்கிவுட்டு, வெயில்ல காஞ்சேன். அதுக்கு இதுவா மரியாதை?"

தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

மறுநாள் தங்கவேல் தாலுகா ஆபீசுக்குப் போய் ஒரு புகார் எழுதிக் கொடுத்தார். எவளோ ஒரு வெளியூர்க்காரி பொய்யாக இருப்பிடச் சான்று வாங்கி உள்ளூர்ப் பிள்ளைகளின் சீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறாள், இந்தக் கொம்யூனிலிருந்து மனுப் போட்ட அத்தனை பேரையும் வீடு வீடாக விசாரிக்க வேண்டும் என்று அதில் காட்டமாக இருந்தது. புகார் கொடுத்தால் ஆபீசில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பது அவருடைய இத்தனை வருஷ அனுபவம். அவருடைய கெட்ட நேரம், இதை உடனே எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணையில் முதலில் மாட்டியது புகழ்வேந்தன்.

வி.ஏ.ஓ. தமிழ்க்குமரன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, உட்காராமலே சொன்னார்: "உங்க பையன் கடலூர் பக்கம் பொறந்திருக்கான் சார். அது தமிழ்நாடு, நம்ம யூனியன் பிரதேசம் இல்ல. இருப்பிடச் சான்றிதழை நிறுத்தி வச்சிருக்காங்க."

"யோவ், தலைப்பிரசவம்யா. தாய் வூட்டுக்கு அனுப்பாம வேற எங்க அனுப்புவாங்க? வளைகாப்பு முடிச்சுப் போனா, பெத்தா, மூணாம் மாசம் தூக்கிகினு வந்துட்டோம். பொறக்கறதுக்கு மட்டும்தான்யா அவன் அங்க போனான்."

"எனக்குப் புரியுது சார். ஆனா நல்லா விசாரிக்கணும்னு எழுதினது நீங்கதானே? அக்கம்பக்கத்துல ஒருத்தர் வந்து சாட்சி சொல்லட்டும்."

அக்கம்பக்கம் என்றால் சூசைநாதன்தான். அடுத்த வீடு, அடுத்த வயல். வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தங்கவேல் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். சூசைநாதன் நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, அது ஆறும்வரை வேறு கதை பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான்.

"சொல்றேன். புள்ள படிப்பு ஆச்சே. ஆனா வாய்க்கால் மடையை இனிமே நான்தான் மொதல்ல தொறப்பேன்."

தங்கவேல் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு அவர் பட்ட வேதனை, பல் பிடுங்கும்போதுகூடப் பட்டதில்லை.

சான்றிதழ் வந்துவிட்டது. அதைக் கொடுத்த கையோடு தமிழ்க்குமரன் இன்னொன்றும் சொன்னார்: "அந்தம்மாவோட பேப்பரும் சரியாத்தான் சார் இருக்கு. நானே நேர்ல போய் விசாரிச்சேன்."

"எந்த ஊரு? எந்தத் தெரு? சொல்லுங்க."

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாது சார். ஒண்ணு மட்டும் சொல்றேன். வீட்டுக்காரரு கொஞ்சம் கோவக்காரராம், மத்தபடி தங்கமான மனுஷன்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க."

"தங்கமான மனுஷனா? பொண்டாட்டிய இந்த வயசுல காலேஜுக்கு அனுப்பிட்டு அடுப்பு ஊதற பயலா தங்கமான மனுஷன்?"

தமிழ்க்குமரனுக்கு ஏனோ இருமல் வந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவசரமாகக் கிளம்பிவிட்டார்.

சட்டப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றதும் தங்கவேல் போனை எடுத்தார். 'செலியமேடு உறவுகள்' வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் தங்கவேல் பேசறேன். நம்ம கொம்யூன்ல ஒரு நாப்பத்தி மூணு வயசு அம்மா, வயசுப் பசங்க சீட்டுல போயி ஒக்காரப் பாக்குது. நான் பொம்பளைங்க படிக்கறதுக்கு எதிரி கெடையாது. நானே பி.ஏ. முடிச்ச பொண்ணாப் பாத்துதான் கட்டினேன், பத்திரிகையில பேருக்குப் பக்கத்துல போட்டோம். அதோட முடிஞ்சுது, அவ வூட்டப் பாத்துகினு மரியாதையா இருக்கறா. அந்தம்மாவோட புருஷன் இதைக் கேட்டா ஒண்ணு சொல்றேன். நீ ஆம்பளையா இருந்தா பொண்டாட்டிய வூட்டுல ஒக்கார வை. இல்லன்னா மீசையை எடுத்துட்டு வந்து என்னைப் பாரு."

சாயங்காலத்துக்குள் அந்தப் பதிவு அபிஷேகப்பாக்கம், பாகூர், வில்லியனூர் என்று சுற்றி, அவருக்கே நான்கு பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. போகிற இடமெல்லாம் ஜனங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். தன் பேச்சு எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். சூசைநாதன் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மீசை விஷயத்துல அவசரப்படாதப்பா" என்றான்.

மறுநாள் சூசைநாதன் மனைவி தேவி, மகளிர் குழுப் பெண்கள் பதினைந்து பேரோடு வந்து வாசலில் நின்றாள். அந்த அம்மாள் யாராக இருந்தாலும் சரி, சேர்ந்துவிட்டு வரும் அன்று மாலை போட்டு, மேளம் வைத்து அழைத்து வரப்போகிறார்களாம்.

"மேளம் இந்தத் தெரு வழியாத்தான் வரும். சொல்லிட்டேன்" என்றாள் தேவி.

"வரட்டும், பாத்துக்கறேன்" என்று கத்தினார் தங்கவேல்.

அன்றைக்கு மஞ்சுளா குழம்புச் சட்டியைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்டிராத சத்தம். என்னவென்று நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தம்மா வேணாம்னுதான் இருந்திருக்கும்" என்றாள். "சின்னப் பசங்களோட போயி நாம எதுக்கு, புள்ளைக்காவது கெடைக்கட்டும்னு நெனச்சிருக்கும். நீங்க பேசினதைக் கேட்டப்புறம் கண்டிப்பாப் போவும்."

"போவட்டுமே பாக்கலாம். வாசல்லியே நிறுத்தி நாலு வார்த்தை கேக்கறேன். மானம் ரோஷம் இருந்தா அங்கியே திரும்பிடும்."

"திரும்பாது" என்று மஞ்சுளா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சேர்க்கை நாள் வந்தது. தேர்வானவர்கள் காலையிலேயே வந்துவிட வேண்டும், யாராவது வராவிட்டால் மூன்று மணிக்கு வெயிட்டிங் லிஸ்டைக் கூப்பிடுவார்கள். புகழ் நண்பனோடு பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டான். மஞ்சுளா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கையில் ஒரு பையோடு வந்து வண்டியில் ஏறினாள்.

"நீ இன்னாத்துக்கு? கல்யாணத்துக்கா போறோம்?"

"நல்ல காரியம்தானே" என்றாள்.

அதற்குமேல் சண்டை போட நேரமில்லை. டவுனைத் தாண்டிக் கடலோரமாக ஓட்டிக்கொண்டு போய், பல்கலைக்கழக வாசலில் அவளை இறக்கிவிட்டார். உள்ளே அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது.

"நட, நட. உள்ள போயி எடத்தைப் புடி. நான் இந்த வாசல்ல நின்னு அவளைப் புடிக்கறேன்" என்று விரட்டினார்.

மஞ்சுளா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

வண்டியை நிழலில் விட்டுவிட்டு வந்து தங்கவேல் காவலுக்கு நின்றார். நாற்பது வயதுக்கு மேல் தெரிந்த எந்தப் பெண்ணையும் விடவில்லை. முதலில் வந்த அம்மாளை மறித்து, "ஏம்மா, சின்னப் பசங்க சீட்டு உனக்கு எதுக்கு?" என்றார். அந்த அம்மாள் வேதியியல் பேராசிரியை. அடுத்து வந்தவள் கேன்டீனில் சாம்பார் கிளறுகிறவள். அவள் திருப்பிக் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மூன்றாவதாக மாட்டிய பெண்ணுக்கு வயது முப்பதுதான். அவள் புருஷன் கூடவே வந்தான், அவனுக்கு மீசையும் இருந்தது. சட்டையைப் பிடித்துவிட்டான்.

செக்யூரிட்டி வந்து விலக்கிவிட்டார். "சார், இன்னொரு தடவை யாரையாவது நிறுத்தினீங்க, போலீசைக் கூப்புடுவேன்."

"கூப்புடுங்க. போலீசு கிட்டயும் நியாயம் கேக்கறேன்."

வெயில் ஏறியது. பஸ்ஸில் வந்த புகழை உள்ளே அனுப்பிவிட்டு, சாப்பிடக்கூடப் போகாமல் நின்றார். மணி ஆக ஆக வாசலில் ஆள் குறைந்தது. சந்தேகப்படும்படியான பெண் ஒருத்தியும் வரவில்லை. இரண்டே முக்கால் ஆனதும் தங்கவேலுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பயந்துவிட்டாள். குரல் பதிவு வேலை செய்துவிட்டது. இனி பிளெக்ஸ் நிற்கும், ஊரில் தலை நிமிர்ந்து நடக்கலாம், சூசைநாதனிடம் மடையைக்கூடத் திருப்பிக் கேட்கலாம்.

மூன்று மணி தாண்டியதும் புகழ் உள்ளேயிருந்து வந்தான். முகத்தில் கவலையே இல்லை.

"முடிஞ்சிடுச்சுப்பா. எல்லா சீட்டும் ரொம்பிடுச்சு. வெயிட்டிங் கூப்புடல."

"எப்படிடா ரொம்பும்? அந்தப் பொம்பளைதான் வரலியே."

"வந்துட்டாங்கப்பா. காலையிலியே சேந்துட்டாங்க."

தங்கவேலுக்குக் கண் சிவந்தது. இத்தனை நாள் கோபமும் ஒன்றாகத் திரண்டு வந்தது. நேராகப் போய் செக்யூரிட்டி மேசையில் ஓங்கிக் குத்தினார்.

"இன்னாய்யா காவல் காக்கற நீ? காலையில இருந்து இதே எடத்துல நிக்கறேன். எம்.ஏ. வரலாறுக்கு பாகூர் கொம்யூன் அம்மா ஒண்ணு சேந்துட்டாளாம். என் கண்ணுல மண்ணைத் தூவிட்டு எந்த வழியா உள்ள வுட்ட? எவன்யா அவளைக் கொண்டாந்தான்?"

செக்யூரிட்டி நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் பட்டுப் புடவை அம்மாவா? அனுமதிச் சீட்டை என்கிட்ட காட்டிட்டுத்தான் சார் மொத ஆளா உள்ள போனாங்க. நீங்கதானே வண்டியில கொண்டாந்து எறக்கி, 'உள்ள போயி எடத்தைப் புடி'ன்னு வெரட்டினீங்க?"