ஆறாவது பீரியட் மண்பாண்டம்

மிஸஸ் வாக்னர் அந்தச் செய்தியைச் சொன்னபோது கெட்டல்சன் வாயில் சாண்ட்விச் இருந்தது. அதை அவர் விழுங்கவும் இல்லை, வெளியே எடுக்கவும் இல்லை.

"மண்பாண்டமா?" என்றார் கடைசியில்.

"டெஸ்ஸா கேட்டது மண்பாண்டம்தான். ஆறாவது பீரியட். உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன்."

இதில் என்ன சந்தோஷம் என்று கெட்டல்சனுக்குப் புரியவில்லை. கிண்டல் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

மிஸஸ் வாக்னர் அந்தப் பள்ளியின் பாட ஆலோசகர். அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் பிப்ரவரியிலேயே விருப்பப் பாடங்களை அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆர்லன் கெட்டல்சன் கணக்கு வாத்தியார். டெஸ்ஸா அவருடைய மாணவி. வெறும் மாணவி என்றால் போதாது. பள்ளியில் இருந்த கால்குலஸ் பூராவையும் பதினொன்றாம் வகுப்பிலேயே முடித்துவிட்டு, "இனிமே என்ன சார் இருக்கு?" என்று கேட்டவள்.

அந்த ஒரு கேள்விக்காக, குளிர்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து அவளுக்கென்று லீனியர் அல்ஜீப்ரா பாடம் தயாரித்திருந்தார். ஒரே ஒரு மாணவியை வைத்து வகுப்பு நடத்தலாமா என்று பிரின்சிபலிடம் கேட்டதற்கு "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. மினசோட்டாவில் பார்க்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். எதையும் முகத்துக்கு நேரே சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மண்பாண்ட வகுப்பு டோபினுடையது. கெட்டல்சன் ஆசிரியர்கள் சாப்பிடும் அறையை எட்டிப் பார்த்தார். டோபின் தானே செய்த கிண்ணத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆசிரியைகள் கிண்ணத்தைத் தடவிப் பார்த்து அழகு, அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கெட்டல்சனுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடத்தில் அவர் போட்ட கணக்கை அழகு என்று சொன்னவள் டெஸ்ஸா ஒருத்திதான். அவளையும் இந்தக் களிமண் ஆசாமி கொத்திக்கொண்டு போய்விட்டான்.

டெஸ்ஸா தினமும் ஒரு பீரியட் ஆபீஸில் உதவிக்கு இருப்பாள். மறுநாள் அங்கிருந்து வெளியே வந்தவளை வராந்தாவில் மடக்கினார்.

"மண்ணு மேல உனக்கு அவ்வளவு ஆசையாம்மா?"

"மண்ணெல்லாம் சும்மா சார். வாத்தியாரைப் பிடிக்கும், அதான்."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினாள். இப்படி நேருக்கு நேராகவா சொல்வாள் என்று கெட்டல்சன் ஆடிப்போனார். அன்று முழுவதும் போர்டில் கூட்ட வேண்டியதைக் கழித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மரியாதையாக அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஒரு யோசனை வந்தது. அவளை ஊர்க் கோடியிலுள்ள யுனிவர்சிட்டியில் கணக்கு படிக்க அனுப்பிவிட்டால், அந்தப் பாடத்தின் பாரத்தில் மண்பாண்டத்தைத் தானாகவே விட்டுவிடுவாள். பிறகு சந்தேகம் கேட்க யாரிடம் வருவாள்? மிஸஸ் வாக்னரிடம் போய், இப்படிப்பட்ட மூளையைப் பள்ளியில் கட்டிப்போடுவது பாவம் என்று அரை மணி நேரம் பேசினார்.

"நிஜமாவே உங்களுக்கு இதுல சம்மதமா ஆர்லன்?" என்று அந்த அம்மாள் திரும்பத் திரும்பக் கேட்டார். மனசாரச் சம்மதம் என்றார் கெட்டல்சன்.

ஏற்பாடு பிரமாதமாக நடந்தது. காலையெல்லாம் டெஸ்ஸாவுக்கு யுனிவர்சிட்டி. மதியம் பள்ளிக்குத் திரும்பி வந்து மண்பாண்டம். அதாவது அடுத்த வருடம் அவள் பள்ளிக்கூடத்தில் கால் வைப்பதே டோபினுக்காகத்தான். கெட்டல்சன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மிச்சமிருந்தது டெஸ்ஸாவின் அப்பா கார்ல். நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை பள்ளி ஹாக்கி ஆட்டத்தில் கெட்டல்சன் வேண்டுமென்றே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பெரிய கல்லூரிகள் விண்ணப்பத்தில் மண்பாண்டம் என்று பார்த்தால் சிரிக்கும் என்றார். அந்த வகுப்பை எந்த முட்டாள் வேண்டுமானாலும் நடத்தலாம், சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும் என்றார். கார்ல் அதிகம் பேசாத மனிதர். "அப்படியா" என்றார். பள்ளி டீம் மேல் ஒரு கோல் விழுந்ததைக்கூடக் கார்ல் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை மிஸஸ் வாக்னர் முகம் வாடியிருந்தது.

"டெஸ்ஸாவோட அப்பா போன் பண்ணாரு. மண்பாண்டம் வேண்டாமாம். அடுத்த வருஷம் நாள் பூரா யுனிவர்சிட்டிதான். பொண்ணு ரொம்ப அழுதுச்சாம்."

ஆக, டெஸ்ஸா அடுத்த வருடம் பள்ளிப் பக்கமே வரமாட்டாள். காலி அறையில், தயாரித்து வைத்த பாடத்தைத் தனக்குத்தானே நடத்திக்கொள்ள வேண்டியதுதான். நினைத்தால் துக்கம்தான். ஆனால் கெட்டல்சன் நேர்மையானவர். துக்கத்துக்கு முன்னால் ஒரு திருப்தி வந்ததை அவர் தன்னிடமே மறைக்கவில்லை. எனக்குக் கிடைக்கவில்லை, சரி. அவனுக்கும் கிடைக்கவில்லை.

டோபினின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சாப்பாட்டு அறைக்குப் போனார். டோபின் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"டெஸ்ஸா மண்பாண்டத்தை விட்டுட்டாளாமே. உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது டோபின்" என்றார் கெட்டல்சன், கஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத முகத்தோடு.

டோபின் கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பரிதாபமாக நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கென்னப்பா கஷ்டம், நான் ஜூன்ல ரிட்டயர் ஆறேன். அடுத்த வருஷம் மண்பாண்டத்தை உன் தலையிலதான் கட்டியிருக்காங்கன்னு ஆபீஸ்ல பார்த்துட்டுத்தானே அந்தப் பொண்ணு அதைக் கேட்டு வாங்குச்சு, பிரின்சிபல் உன்கிட்ட இன்னும் சொல்லலையா?"