அறுபத்தைந்து அங்குல ஃபைனல்

இந்த ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஃபைனலை எங்கள் அறுபத்தைந்து அங்குல டிவியில்தான் பார்ப்பது என்று முடிவு கட்டிவிட்டேன். போன மூன்று ஃபைனல்களையும் பாத்ரூமில், ஃபோனில் பார்த்தவன் நான். ஹாலில் அந்த நேரம் பார்த்து என் மனைவி மதிவதனிக்கு சீரியல் ஸ்பெஷல் வந்துவிடும்.

என் பெயர் சாம்சன். பெயருக்கேற்ற பலமெல்லாம் ஒரகடம் ஃபேக்டரி கேட்டோடு சரி. அங்கே உதிரி பாகங்களில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. மதிவதனி இருங்காட்டுக்கோட்டை கம்பெனி ஒன்றில் ஃபோன் ஸ்க்ரீன் செக் பண்ணுகிறாள். இதை நான் யோசித்திருக்க வேண்டும். டபுள் ஷிப்ட் பார்த்த உடம்பு, யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை டிவிக்குப் படம் கொண்டுவரும் நல்ல ஒயரை உருவி என் பழைய சேஃப்டி ஷூவுக்குள் ஒளித்தேன். பதிலுக்கு, பரணில் கிடந்த பழைய மூணு கலர் ஒயரை மாட்டினேன். படம் கொழகொழவென்று ஆனது.

“இன்னாங்க, ஹீரோயினுக்கு மீச வச்சாப்ல கீது?”

“டிஷ் படம் பெரிய ஸ்க்ரீன்ல அப்டித்தான் மதி. பெட்ரூம்ல சின்ன டிவில பாரு, பளிச்சுனு இருக்கும்.”

“கிரிக்கெட்டு மட்டும் பெருசுல நல்லா தெரியுமா?”

“அது வேற சேனலு.”

“ஓஹோ” என்றாள். ஆறு நாளும் பெட்ரூமிலேயே சீரியல் பார்த்தாள். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

ஞாயிறு மாலை ஷூவோடு ஹாலுக்கு வந்தேன். டிவியில் சிவப்பு அட்டை தொங்கியது.

எங்கள் கம்பெனிகளில் பழுதான பொருளுக்குச் சிவப்பு அட்டை மாட்டுவார்கள். ஐந்து முறை ‘ஏன்’ கேட்டுக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை யாரும் தொடக்கூடாது. போன மாதம் அவள் மிக்ஸிக்கு அதை மாட்டி, இந்தப் பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த மேதை நான்தான்.

“இன்னா மதி இது? மேட்ச் ஆரம்பிக்கப் போவுது!”

“அப்ப சீக்கிரம் எழுதுங்க. அஞ்சு ஏன்.”

எழுதினேன். படம் ஏன் மங்கல்? ஒயர் மாறியது. ஏன் மாறியது? நான் மாற்றினேன். ஏன் மாற்றினேன்? சீரியலைத் துரத்த. ஏன் துரத்த? ஃபைனல் பார்க்க. ஏன் நேராகக் கேட்கவில்லை? பயம்.

கையெழுத்தும் போட்டேன். வெட்கமாக இருந்தது.

“ஒரு நாளைக்கு எண்ணூறு ஸ்க்ரீன் பாக்கறவகிட்ட இந்த வேலையா? ஷூல கீற ஒயர எடுத்து மாட்டுங்க.”

மாட்டினேன். அடடா, புல்லின் நுனி தெரிந்தது! முதல் பந்து போட பவுலர் ஓடி வருகிறான். மதிவதனி ரிமோட்டை எடுத்தாள்.

“மதி, அதான் எழுதிக் குடுத்துட்டேனே!”

“ரிப்பேர் ஆனா ட்ரையல் பாக்கணுமில்ல? எதுல பழுது வந்துச்சோ அதுலதான பாக்கணும்? ரெண்டு மணி நேரம்.”

ஹீரோயினுக்கு மீசை இல்லை. பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு ஃபோனைத் திறந்தேன். குறை சொல்லக்கூடாது, ஆறு அங்குலத்தில் படம் படு துல்லியம்.