ஏழு டிகிரி அண்ணையும் ஒரு மொட்டைப் பெட்டிசமும்

கனடாவில் பனிக்காலம் எப்போது தொடங்கும் என்று தொலைக்காட்சியில் வானிலைக்காரர்கள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார்கள். நாங்கள் அதைப் பார்ப்பதில்லை. மோர்னிங்சைட்டில் நாங்கள் பதினொரு வருடம் குடியிருந்த கட்டடத்தில் பனிக்காலத்தைத் தொடக்கி வைக்கும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் ஐந்தாம் மாடி ஏழு டிகிரி அண்ணை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. இருபது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், தனி மனிதர் என்பது மட்டும் தெரியும். வெப்பம் ஏழு டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும், பிரேக்கை மிதித்தாலும் கார் நிற்காது என்பது அவருடைய வேதம். பல்கனியில் மூன்று வெப்பமானி கட்டியிருந்தார். ஒன்று பொய் சொன்னால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்குமாம். மூன்றும் ஏழைத் தொட்ட அன்று காலையில் லிஃப்டுக்குள் ஏறிவிடுவார். இறங்க மாட்டார். மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டு, ஏறுகிறவர்களை எல்லாம் பிடிப்பார்.

"ஏழு வந்திட்டுது. நீர் எப்ப டயர் மாத்திறீர்?"

ஒன்பதாம் மாடியில் இருந்த சீனத்து அம்மா ஒருவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'ஏழு'. அவர் டயரை மாற்றிவிட்டுத்தான் மறுபடி லிஃப்டில் ஏறினார்.

நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பனிக்காலத்தில் முன்பக்கச் சில்லுகள் இரண்டுக்கு மட்டும் பனிக்கால டயர் வாங்கிப் போட்டேன். அண்ணை காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"முன்னுக்குச் சப்பாத்து, பின்னுக்குச் செருப்போ? ஒரு வளைவு வரட்டும் தம்பி. உம்மட பின்பக்கம் உம்மை முந்திக்கொண்டு போகும்."

அந்த மாசி மாதமே என் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு போய் ஒரு பள்ளத்துக்குள் படுத்துக்கொண்டது. அடுத்த நாள் மற்ற இரண்டையும் வாங்கினேன். பள்ளத்து விசயம் வெளியே போகக்கூடாது என்று மனைவியிடமும் மகளிடமும் சத்தியம் வாங்கினேன். காரின் நெளிவைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்ட அண்ணையிடம் வாங்க மறந்துபோனேன்.

மாடிவீட்டுக்காரருக்கு ஒரு சங்கடம் உண்டு. போட்ட நாலு டயர் காரில் இருந்தால், போடாத நாலு டயர் எங்கே இருப்பது? அண்ணை நிலவறைக் கார்த் தரிப்பிடத்தில் தன் காருக்கு ஒன்று, ஊராரின் டயருக்கு ஒன்று என்று இரண்டு இடம் வாடகைக்கு வைத்திருந்தார். பதினொரு குடும்பத்து டயர்கள் அங்கே குடியிருந்தன. ஒவ்வொன்றையும் கழுவி, இரண்டு நாள் உலர விட்டு, இடுக்கில் இருக்கும் கல்லை எல்லாம் பேன் பார்ப்பது போல நோண்டி எடுப்பார். எந்த வீட்டு டயர், எந்தப் பக்கத்துச் சில்லு என்று சோக்கட்டியால் எழுதிக் கறுப்புப் பைக்குள் கட்டுவார். உள்ளே இரும்புச் சக்கரம் உள்ளதைப் படுக்கப் போட்டு அடுக்குவார். வெறும் ரப்பரை நிமிர்த்தி வைத்து, மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டிவிடுவார். "ஒரே பக்கம் கிடந்தால் மனிசருக்கே முதுகு பிடிக்குது" என்பார். இதற்கு ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. புத்திமதி மட்டும் தாராளமாகத் தருவார்.

"வீட்டிலை மனிசியோட கொழுவலோ? பிரேக்கிலை கோவத்தைக் காட்டியிருக்கிறீர்" என்று என் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு ஒருமுறை கேட்டார். அது உண்மை. அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

இனி வெட்கக்கேட்டைச் சொல்லவேண்டும்.

என் மகள் தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் விட்பியில் இருந்து முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு. வடை, பால் தேநீர், பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு என்று எல்லாம் நல்லபடி நடந்தது. வழியனுப்பக் கீழே போனோம். அவர்களுடைய காருக்குப் பக்கத்தில் ஏழு டிகிரி அண்ணை குந்தியிருந்தார். கையில் இரண்டு டொலர்க் குத்தி. அந்தக் காசில் ஒரு பனிக்கரடி இருக்கும். காசை டயரின் பள்ளத்துக்குள் செருகினால் கரடியின் பாதம் மறையவேண்டும். மறையாவிட்டால் டயர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"ஐயா, உது உங்கட காரோ?" என்றார் சம்பந்தியைப் பார்த்து.

"ஓம். ஏன்?"

"விட்பியிலை இருந்து உந்த டயரோடயோ வந்தனீங்கள்?"

"ஓல் சீசன் டயர்தானே. எல்லாக் காலத்துக்கும் நல்லதாம்."

"எல்லாருக்கும் நல்லவன் எண்டு ஒருத்தன் வந்தால் நம்புவியளோ? இஞ்சை பாருங்கோ, கரடி முழுக்க வெளியிலை நிக்குது. நாளைக்கு இவரின்ரை பிள்ளை உந்தக் காரிலைதானே ஏறப்போகுது?"

சம்பந்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணை அதோடு விட்டாரா? என் பக்கம் திரும்பினார்.

"நீராவது சொல்லியிருக்கலாமே, தம்பி. பள்ளத்துக்குள்ள போய்க் கிடந்து படிச்ச ஆள்!"

அவர்கள் அவசரமாகக் காரில் ஏறிப் போனார்கள். அன்று மாலை தொலைபேசி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மகள் என்னை ஒன்றும் கேட்காமல் தன் அறைக்குள் இருந்தாள். அதுதான் என்னைச் சுட்டது.

எங்கள் குடும்பத்துக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது, அவ்வளவு நல்ல பெயர் அல்ல. மேலிடத்துக்குப் பெட்டிசம், அதாவது புகார் மனு, எழுதுவதில் என் தகப்பனாரை வெல்ல ஆள் இல்லை. எழுதியே தபாலதிபரை இரண்டு முறை இடம் மாற்ற வைத்தவர். கையெழுத்து மட்டும் போடமாட்டார். அந்த இரத்தம் என் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது என்பதைச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கண்டுகொண்டேன். கட்டட நிர்வாகத்துக்கு மூன்று பக்கத்தில் ஒரு மொட்டைக் கடிதம். 'தங்கள் மேலான சமூகத்துக்குத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கித் தொடங்கினேன். நிலவறையில் ரப்பர் மலை, தீப்பிடித்தால் கட்டடமே போய்விடும், எலி, நச்சுவாடை, குழந்தைகளின் சுவாசப்பை என்று எழுதினேன். எழுதிய வேகத்தில் நுளம்புக்கடியும் பெருகுகிறது என்று சேர்த்துவிட்டேன். கனடாவில், அந்தக் குளிரில், நுளம்பு!

ஒரு வாரத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள். தரிப்பிடம் வாகனத்துக்கு மட்டும். டயர்களைப் பதினைந்து நாளுக்குள் அகற்றவேண்டும். குடியிருப்பாளர் ஒருவரிடமிருந்து முறைப்பாடு வந்திருக்கிறது.

"இஞ்சேருங்கோ, எந்தக் கரிச்சட்டி மூஞ்சி போட்டது பெட்டிசம்? உவன்ரை கை அழுகிப்போக!" என்று என் மனைவி சோறு போட்டுக்கொண்டே சபித்தாள். நான் அந்தக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினது போல இருந்தது.

அன்று பின்னேரம் கதவைத் தட்டியது அண்ணை. அறிவித்தலைக் கையில் மடித்து வைத்திருந்தார்.

"தம்பி, நான் இங்கிலிஸ் கதைப்பன், எழுத வராது. நீர் பத்திரிகையிலை எழுதுற ஆள். அந்த இடம் வேணுமெண்டு ஒரு கடிதம் எழுதித் தாரும். இந்த ஆக்கள் டயரைக் கொண்டு எங்கை போவினம்?"

பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். ஆட்டினேன். அரைப் பக்கம் எழுதினேன். கூச்சத்தில் கை ஓடவில்லை, பழக்கத்தில் தொடக்கம் மட்டும் தானாக வந்தது. தாழ்மையுடன், மேலான சமூகம், எல்லாம்.

நிர்வாக அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த பெண் நல்லவர். முறைப்பாட்டை எடுத்து மேசையில் வைத்து, இந்தப் பெரியவருக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்று என்னிடமே தந்தார். என் கடிதத்தை நானே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, அது வந்து... தீப்பிடிக்கக் கூடுமாம். எலி வருமாம். அவ்வளவுதான்."

அண்ணை கடிதத்தை எட்டிப் பார்த்தார். "மூண்டு பக்கத்திலை அவ்வளவுதானோ இருக்கு?"

"மிச்சம் சும்மா அலட்டல், அண்ணை."

அந்தப் பெண் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டின் முதல் வரியும் ஒன்றாக இருக்கிறதே என்று ஆங்கிலத்தில் வியந்தார். உங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்களா என்று கேட்டார். ஆமாம், இது எங்கள் பண்பாடு என்றேன். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு இனத்தையே மாட்டிவிட்டேன். அண்ணை மேசையில் இருந்த இரண்டு காகிதத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் கனடாப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கியவருக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல் விளங்காது என்று நான் நினைத்தேனோ தெரியாது.

இடம் கிடைக்கவில்லை. பதினொரு குடும்பமும் பனிக்கால டயரைக் காரில் பூட்டிவிட்டு, கழற்றியதைக் கொண்டுபோய்ப் பல்கனியிலும் குளியலறையிலும் வைத்தார்கள். எங்களுடைய நாலும் கட்டிலுக்குக் கீழே வந்து படுத்தன. அந்தப் பனிக்காலம் முழுவதும் ரப்பர் வாடையில் படுத்து எழும்பினேன்.

பெட்டிசம் போட்டவனைக் கண்டுபிடிப்பது என்று கட்டடத்தில் எல்லோரும் கிளம்பினார்கள். என் மனைவிதான் தலைவி. ஆனால் அண்ணை மறுபடி லிஃப்டில் ஏறினார்.

"பெட்டிசம் ஒருத்தரும் போடேல்லை, அறிவித்தலிலை சும்மா உப்பிடி எழுதுறவை. எனக்கு முழங்கால் ஏலாது, குனிஞ்சு நிமிர முடியேல்லை. நான்தான் இடத்தை விட்டனான். சும்மா ஆக்களைத் திட்டாதேங்கோ."

ஒரு பகல் முழுவதும் மேலும் கீழுமாகப் போய் எனக்காகப் பொய் சொன்னார்.

அதே வாரம் சம்பந்தியும் தொலைபேசி எடுத்தார். நெடுஞ்சாலையில் ஐஸ் மழை பெய்ததாம், சுற்றிவர எல்லாக் காரும் வழுக்க, இவருடையது மட்டும் நின்றதாம். "வெக்கத்திலைதான் இவ்வளவு நாளும் எடுக்கேல்லை. அண்டைக்கே போய் நாலும் மாத்தினனான். அந்த மனிசனைக் கலியாணத்துக்குக் கட்டாயம் சொல்லுங்கோ."

இனியும் தாங்காது என்று ஐந்தாம் மாடிக்கு இறங்கிப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு நாலு வசனம் மனப்பாடம் செய்திருந்தேன். கதவைத் திறந்தவர் என்னை இருத்திவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

"தம்பி, அந்த முதல் கடிதம் நல்ல இங்கிலிஸ். நுளம்பைத் தவிர மற்றதெல்லாம் திறம்."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ரெண்டாவது அவ்வளவு சரியில்லை. எனக்காக எழுதேக்கை நீர் கொஞ்சம் கவனம் எடுத்திருக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. என் டயரைப் பார்த்து எப்படிச் சொல்லுவாரோ அப்படித்தான் சொன்னார். பிறகு, "தேத்தண்ணி போடட்டோ?" என்றார்.

குடித்தேன். இஞ்சி போட்ட தேநீர். மனப்பாடம் செய்த நாலு வசனத்தில் ஒன்றுகூட வாயால் வரவில்லை. குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவு பெரிய கோழை நான்.

கலியாணத்துக்கு வந்தார். டயரின் காற்றை அளக்கும் கருவி ஒன்றைத் தங்கநிறத் தாளில் சுற்றி மணமக்களுக்குக் கொடுத்தார். மண்டபத்தில் என்னைச் சம்பந்தி வீட்டாருக்கு, "எங்கட கட்டடத்து எழுத்தாளர்" என்று அறிமுகம் செய்துவைத்தார். நான் அந்த இடத்திலும் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் வீடு வாங்கி அஜாக்ஸ் பக்கம் வந்துவிட்டோம்.

அண்ணை, இந்தப் பத்திரிகையை நீங்கள் தமிழ்க் கடை வாசலில் எடுத்து முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இது உங்களுக்கு எழுதும் கடிதம். மூன்று வாரமாக அடித்து அடித்து எழுதிப் பார்க்கிறேன், அந்த முதல் கடிதம் அளவுக்குத் திறமாக வரவில்லை. ஆனால் அண்ணை, கவனம் எடுத்துத்தான் எழுதினனான்.